மரக்கால் யாருடையது? டேட்டாபேஸ் மென்பொருள் விலைகளின் கதை

ஒரே பொருளுக்கு இரண்டு விலை இருக்க முடியும் என்பதைக் கோட்டுச்சேரிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வடக்கே தரங்கம்பாடி சாலையில் கொஞ்ச தூரம் போய்ப் பூவத்தைத் தாண்டினால் தமிழ்நாடு. தெற்கே வாஞ்சூரைத் தாண்டினாலும் தமிழ்நாடுதான். நாகூர்க்காரர் இந்தப் பக்கம் வந்து பெட்ரோல் போட்டுக்கொண்டு போவது பல ஆண்டுகளாக நடக்கிறது. பெட்ரோல் ஒன்றுதான், லிட்டரும் ஒன்றுதான். வரி போடுகிற கை மட்டும் வேறு.

லிட்டரே வேறாக இருந்தால் என்ன ஆகும்? அதற்கும் இந்த வட்டாரத்தில் ஒரு பழைய கதை உண்டு. கீழத்தஞ்சையில் நெல் வாங்கும்போது பெரிய மரக்கால், கூலி அளக்கும்போது சின்ன மரக்கால் என்று மிராசுதார்கள் இரண்டு மரக்கால் வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. 1940-களில் பண்ணையாட்கள் சங்கம் வைத்துப் போராடியபோது, கூலியை உயர்த்து என்பதோடு முத்திரை மரக்காலில் அள என்பதும் கோரிக்கையாக இருந்தது. கூலி எத்தனை மரக்கால் என்று பேசி முடித்துவிட்டாலும், மரக்கால் யார் வீட்டுடையது என்பதில்தான் மீதிக் கணக்கு இருக்கிறது.

பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் டேட்டாபேஸ் மென்பொருளின் விலை வரலாறும் இப்படிப்பட்டதுதான். வங்கிக் கணக்கு, மின்கட்டணம், ஆஸ்பத்திரிச் சீட்டு, கல்லூரி மதிப்பெண் என்று எல்லாம் கடைசியில் போய் உட்காருவது ஏதோ ஒரு டேட்டாபேஸில். அந்த மென்பொருள் வட்டில் இருப்பது எல்லோருக்கும் ஒரே பைட்டுகள்தான். ஆனால் ஒருவருக்கு ஐம்பதாயிரம் ரூபாய், இன்னொருவருக்கு ஐந்து கோடி. எதை எண்ணிக் காசு வாங்குவது என்ற கேள்விக்கான பதில் கடந்த ஐம்பது வருடங்களில் பலமுறை மாறிவிட்டது.

ஆரம்பத்தில் மென்பொருளுக்கென்று தனி விலையே கிடையாது. ஐபிஎம் நிறுவனம் பெரிய கணினியை வாடகைக்கு விடும்போது மென்பொருளும் கூடவே வரும். மாட்டு வண்டி வாங்கினால் நுகத்தடிக்குத் தனியாகக் காசு கேட்பதில்லை அல்லவா, அதுபோல. அமெரிக்க அரசின் ஏகபோகத் தடை வழக்கு நெருக்கிக்கொண்டிருந்த சூழலில், 1969 ஜூன் மாதம் ஐபிஎம் இனி மென்பொருளுக்குத் தனி விலை என்று அறிவித்தது. மென்பொருளை மட்டும் விற்றுப் பிழைக்கலாம் என்ற தொழில் பெரிய அளவில் வளர வழி திறந்தது அதற்குப் பிறகுதான்.

அடுத்த வருடமே, 1970-ல், அதே ஐபிஎம்மில் வேலை பார்த்த எட்கர் காட் என்ற கணித அறிஞர், தரவுகளை அட்டவணைகளாக வைத்து அவற்றுக்கிடையேயான உறவுகளைக் கொண்டு கேள்வி கேட்கும் முறையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இன்று கல்லூரியில் டிபிஎம்எஸ் பாடம் படிக்கும் எல்லோரும் இந்தக் கட்டுரையின் பேரப்பிள்ளைகளைத்தான் படிக்கிறார்கள். ஐபிஎம் அதை உடனே பொருளாக்கி விற்கவில்லை. 1977-ல் லாரி எல்லிசன், பாப் மைனர், எட் ஓட்ஸ் மூவரும் தொடங்கிய சின்னக் கம்பெனி முந்திக்கொண்டது. 1979-ல் வந்த அவர்களுடைய முதல் பொருளுக்கு ஆரக்கிள் இரண்டாம் பதிப்பு என்று பெயர். முதல் பதிப்பை யார் வாங்குவார்கள் என்று நேராக இரண்டிலிருந்து ஆரம்பித்தார்கள்! வியாபாரத் தந்திரம் பிறவியிலேயே வந்தது என்று சொல்லலாம். 1983-ல் சி மொழியில் திரும்ப எழுதப்பட்ட மூன்றாம் பதிப்பு பலவகைக் கணினிகளில் ஓடியது. அதுதான் அவர்களுடைய பெரிய பலம்.

1990-களின் பெரும்பகுதி வரை டேட்டாபேஸ் விலை ஆள்கணக்கில் இருந்தது. எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், அல்லது ஒரே நேரத்தில் எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று எண்ணிக் காசு. அலுவலகத்தில் இருபது டெர்மினல் இருந்தால் இருபது பேர் என்று எண்ணுவது எளிது. இன்டர்நெட் வந்ததும் இந்தக் கணக்கு குலைந்துபோனது. ஒரு இணையதளத்துக்குப் பின்னால் ஒரு டேட்டாபேஸ் இருந்தால் அதைப் பயன்படுத்துபவர்கள் யார்? டேட்டாபேஸைப் பார்த்தால் வெப் சர்வர் என்ற ஒரே ஒரு ஆசாமிதான் வந்து கேட்கிறார். அவருக்குப் பின்னால் ஆயிரம் பேரா, பத்து லட்சம் பேரா என்று தெரியாது. இடையில் ஒரு கணினியை வைத்துக்கொண்டு ஒரே ஆள் என்று கணக்குக் காட்டக் கூடாது, கடைசி முனையில் இருக்கும் மனிதர்களைத்தான் எண்ண வேண்டும் என்று நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் எழுதிவைத்தன. எழுதலாம், எண்ணுவது எப்படி?

அப்போதுதான் ஆரக்கிள் 1999-ன் கடைசியில் ஒரு புதிய மரக்காலைக் கொண்டுவந்தது. அதன் பெயர் யுனிவர்சல் பவர் யூனிட். கணினியின் ப்ராசஸர் எத்தனை மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடுகிறதோ அத்தனை யூனிட். இன்டெல் வகை என்றால் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு யூனிட், சன், ஐபிஎம் போன்றோரின் ரிஸ்க் வகை என்றால் ஒன்றரை யூனிட். 500 மெகாஹெர்ட்ஸ் இன்டெல் ப்ராசஸர் நான்கு போட்ட சர்வருக்கு 2,000 யூனிட். அதே வேகத்தில் நான்கு ரிஸ்க் ப்ராசஸர் என்றால் 3,000.

இதில் இருந்த வில்லங்கம் அந்தக் காலத்தில் கணினி வாங்கிய எவருக்கும் உடனே புரிந்தது. வருடா வருடம் ப்ராசஸர் வேகம் ஏறிக்கொண்டே போன நேரம் அது. பழைய சர்வரைத் தூக்கிவிட்டு இரண்டு மடங்கு வேகமான சர்வரை வாங்கினால், அதன் விலை பழையதை விடக் குறைவாக இருந்தாலும், டேட்டாபேஸுக்கு இரண்டு மடங்கு காசு. வேலை அதேதான், ஆட்கள் அதேதான், வாடிக்கையாளர்களும் அதேதான். இன்டெல் கம்பெனி செய்த முன்னேற்றத்துக்கு ஆரக்கிளுக்குக் கப்பம் கட்ட வேண்டும்! வாடிக்கையாளர்கள் கூச்சல் போட்டார்கள். மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் எங்களிடம் ப்ராசஸர் ஒன்றுக்கு இவ்வளவு, வேகத்தைப் பற்றிக் கவலை இல்லை என்று விளம்பரம் செய்யும் வாய்ப்பை நழுவவிடவில்லை. ஒன்றரை வருடத்தில் ஆரக்கிள் பின்வாங்கியது. 2001 ஜூனில் எல்லிசன் பவர் யூனிட்டைக் கைவிட்டு, எண்டர்பிரைஸ் எடிஷன் ஒரு ப்ராசஸருக்கு 40,000 டாலர், ஸ்டாண்டர்ட் எடிஷன் 15,000 டாலர் என்று அறிவித்தார்.

கிட்டத்தட்ட அதே மாதங்களில் இன்னொரு கூத்து நடந்தது. கலிஃபோர்னியா மாநில அரசு 2001-ல் 2,70,000 ஊழியர்களுக்கென்று 9.5 கோடி டாலருக்கு ஆரக்கிள் உரிமம் வாங்க ஒப்பந்தம் போட்டது. டெண்டர் இல்லை. மொத்தமாக வாங்கினால் மிச்சம் என்று சொல்லப்பட்டது. 2002 ஏப்ரலில் மாநிலத் தணிக்கையாளர் அறிக்கை வந்தபோது, மிச்சம் வருவதற்குப் பதிலாக 4.1 கோடி டாலர் வரை கூடுதலாகச் செலவாகலாம் என்று தெரிந்தது. பெரும்பாலான ஊழியர்களுக்கு அந்த மென்பொருளே தேவைப்படவில்லை. அந்த ஒப்பந்தம் 2002 ஜூலையில் ரத்தானது. தலைக்கு இவ்வளவு என்று எண்ணும்போது, எந்தத் தலைக்குத் தேவை என்று முதலில் கேட்க வேண்டும் என்பது ஒரு மாநில அரசுக்கே தெரியாமல் போனது ஆச்சரியம்தான்.

ப்ராசஸர் கணக்காவது நிலைத்ததா என்றால், அதுவும் நான்கு வருடம்தான். 2005-ல் ஒரே சில்லுக்குள் இரண்டு கோர் வைத்த ப்ராசஸர்கள் சந்தைக்கு வந்தன. இது ஒரு ப்ராசஸரா, இரண்டா? ஒரு தாய்க்கு இரட்டைப் பிள்ளை பிறந்தால் பஸ்ஸில் எத்தனை டிக்கெட் என்பது போன்ற கேள்வி. மைக்ரோசாஃப்ட் 2004 அக்டோபரிலேயே முந்திக்கொண்டு, எத்தனை கோர் இருந்தாலும் ஒரு சில்லு ஒரு ப்ராசஸர் என்று அறிவித்தது. ஆரக்கிள் ஒவ்வொரு கோரும் ஒரு ப்ராசஸர் என்றது. எதிர்ப்பு வந்ததும் 2005 ஜூலையில் ஒரு கோர் முக்கால் ப்ராசஸர் என்று இறங்கியது. அந்த வருட டிசம்பரிலேயே அதுவும் மாறி, இன்டெல், ஏஎம்டி என்றால் அரை, சன்னின் புதிய டி1 சில்லு என்றால் கால் என்று ஒரு பட்டியல் பிறந்தது. கோர் ஃபேக்டர் டேபிள் என்று இதற்குப் பெயர். உலகம் முழுக்க ஐடி மேலாளர்களைத் தூங்கவிடாமல் செய்த பட்டியல்களில் இதற்கு முக்கிய இடம் உண்டு.

கணக்கு எப்படிப் போகும் என்று ஒரு முறை போட்டுப் பார்த்தால் அளவு புரியும். 2008 ஜூனில் எண்டர்பிரைஸ் எடிஷன் விலை 47,500 டாலராக ஏறியது. 16 கோர் கொண்ட இன்டெல் சில்லு இரண்டு போட்ட ஒரு சர்வரை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 32 கோர். அரையால் பெருக்கினால் 16 ப்ராசஸர். 47,500 டாலர் வீதம் 7,60,000 டாலர். இது பட்டியல் விலை, பேரம் பேசினால் குறையும். இதோடு வருடந்தோறும் 22 சதவீதம் பராமரிப்புக் கட்டணம், அதாவது 1,67,200 டாலர். ஐந்து வருடம் கட்டினால் இன்னொரு உரிமம் வாங்கிய காசு போயிருக்கும். சர்வர் என்ற இரும்புப் பெட்டியின் விலை இதில் ஒரு ஓரத்தில்கூடத் தெரியாது.

அந்தப் பட்டியலில் ஒரு வரியை மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு இட்டானியம் கதை உதாரணம். எச்பி கம்பெனியின் பெரிய சர்வர்கள் இட்டானியம் சில்லில் ஓடின. 2010-ல் ஆரக்கிள் சன் கம்பெனியை வாங்கி, தானே சர்வர் விற்கத் தொடங்கியது. அதாவது எச்பிக்கு நேரடிப் போட்டியாளர். அந்த வருட டிசம்பரில் புதிய இட்டானியம் சில்லுகளுக்கான எண் 0.5-லிருந்து 1.0 ஆனது. ஒரே நாளில் எச்பி சர்வரில் ஆரக்கிள் ஓட்டுவது இரண்டு மடங்கு விலை. சில மாதங்களில், 2011 மார்ச்சில், இட்டானியத்துக்கு இனி மென்பொருளே எழுத மாட்டோம் என்றும் ஆரக்கிள் அறிவித்தது. அந்த இரண்டாவது அறிவிப்புக்காக எச்பி வழக்குப் போட்டு, 2016-ல் 300 கோடி டாலர் இழப்பீடு என்று தீர்ப்பு வாங்கியது. முதலாவதற்கு வழக்கு எதுவும் தேவைப்படவில்லை. மரக்கால் அவர்களுடையது, அவர்கள் மாற்றினார்கள், அவ்வளவுதான்.

மைக்ரோசாஃப்டையும் தியாகி என்று நினைக்க வேண்டாம். சில்லுக்கு ஒரே கணக்கு என்று பெருமை பேசிய அதே நிறுவனம், சில்லுக்குள் எட்டு, பத்து கோர் வர ஆரம்பித்ததும் எஸ்க்யூஎல் சர்வர் 2012-ல் கோர் கணக்குக்கு மாறியது. எண்டர்பிரைஸ் ஒரு கோருக்கு 6,874 டாலர், சில்லு ஒன்றுக்குக் குறைந்தது நான்கு கோர் வாங்கியே தீர வேண்டும். நாலால் பெருக்கிப் பாருங்கள், 27,496 வரும். எஸ்க்யூஎல் சர்வர் 2008 ஆர்2-ல் ஒரு ப்ராசஸரின் விலை 27,495. ஆக விலை ஏறவே இல்லை, நான்கு கோர் சில்லு வைத்திருப்பவருக்கு! 2012-ல் யார் புதிதாக நான்கு கோர் சர்வர் வாங்கினார்கள் என்பது வேறு விஷயம்.

எண்ணும் முறை சிக்கலாக ஆக ஆக, யார் சரியாக எண்ணினார் என்ற சண்டையும் வளர்ந்தது. இந்த மென்பொருள்களில் பெரும்பாலானவற்றுக்குப் பூட்டு கிடையாது. கூடுதல் வசதி ஒன்றை ஒரு இளம் பொறியாளர் தெரியாமல் இயக்கிவிட்டால், அது ஓடும். ஓடியது பதிவாகும். சில வருடம் கழித்துத் தணிக்கைக் கடிதம் வரும். ஒப்பந்தத்தில் அதற்கு இடம் இருக்கிறது. ஸ்னிக்கர்ஸ் சாக்லேட் செய்யும் மார்ஸ் கம்பெனிக்கு இப்படித்தான் நடந்தது. விஎம்வேர் என்ற மெய்நிகர் சர்வர் மென்பொருளில் ஆரக்கிளை ஒரு மூலையில் ஓட்டினாலும், அது தாவிப் போகக்கூடிய எல்லா சர்வர்களுக்கும் உரிமம் வேண்டும் என்பது ஆரக்கிளின் வாதம். நாலு வீட்டுக்கும் போகத் தெரிந்த பூனைக்கு நாலு வீட்டிலும் வாடகையா என்பது எதிர்வாதம். மார்ஸ் 2,33,089 பக்கம் ஆவணங்களைக் கொடுத்த பிறகும் தணிக்கை முடியாததால், 2015 அக்டோபரில் சான்பிரான்சிஸ்கோ நீதிமன்றத்துக்குப் போனது. டிசம்பரில் வழக்கு திரும்பப் பெறப்பட்டது. என்ன சமரசம் என்று வெளியே சொல்லவில்லை. இதனால் யார் சொன்னது சரி என்று நீதிமன்றம் சொல்லும் வாய்ப்பும் போனது.

இந்தியாவுக்கு வருவோம். 2000-களில் பொதுத்துறை வங்கிகள் எல்லாம் கிளைதோறும் தனித்தனியாக இருந்த கணக்குகளை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தன. கோர் பேங்கிங் என்று பெயர். எந்தக் கிளையிலும் பணம் எடுக்கலாம் என்பது அன்றைக்குப் பெரிய அதிசயம். இன்ஃபோசிஸின் ஃபினாக்கிள் போன்ற இந்திய மென்பொருள்கள் இதில் சாதனை செய்தன என்று பெருமையாகச் சொல்வோம், சரிதான். ஆனால் அந்த ஃபினாக்கிளுக்கு அடியில் பெரும்பாலும் ஓடியது ஆரக்கிள் டேட்டாபேஸ். மாடி நம்முடையது, அஸ்திவாரம் வாடகை. சிட்டி வங்கியின் மென்பொருள் பிரிவிலிருந்து பிறந்து, ஃப்ளெக்ஸ்கியூப் என்ற வங்கி மென்பொருளால் உலகப் புகழ் பெற்ற ஐ-ஃப்ளெக்ஸ் நிறுவனத்தின் பெரும்பங்கை 2005-ல் தொடங்கி ஆரக்கிளே வாங்கிவிட்டது. அங்கே மாடியும் போனது.

இந்திய வாடிக்கையாளருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. எண்டர்பிரைஸ் எடிஷனின் டாலர் பட்டியல் விலை 2008-க்குப் பிறகு பல வருடங்கள் ஏறவில்லை என்று பெருமையாகச் சொல்லப்படுவதுண்டு. 2008 ஜூனில் டாலர் சுமார் 43 ரூபாய், அப்போது ஒரு ப்ராசஸர் உரிமம் கிட்டத்தட்ட 20 லட்சம் ரூபாய். 2024 இறுதியில் டாலர் சுமார் 84 ரூபாய், அதே உரிமம் கிட்டத்தட்ட 40 லட்சம். விலையே ஏறாமல் இரண்டு மடங்கானது. அமெரிக்க வாடிக்கையாளருக்கு இது தெரியவே தெரியாது.

சின்ன இடங்களுக்கு அடி விழுந்தது 2015-ல். அதற்கு முன் ஸ்டாண்டர்ட் எடிஷன் ஒன் என்று ஒரு மலிவுப் பதிப்பு இருந்தது. ஆள் ஒருவருக்கு 180 டாலர், குறைந்தது ஐந்து பேர். ஆக 900 டாலரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியோ கூட்டுறவு சங்கமோ முறைப்படி உரிமம் வாங்கிவிடலாம். 2015-ல் அதை நிறுத்திவிட்டு எஸ்இ2 என்ற பதிப்பு வந்தது. ஆளுக்கு 350 டாலர், சர்வருக்குக் குறைந்தது பத்துப் பேர். நுழைவுச் சீட்டு 3,500 டாலர் ஆனது. அதோடு எத்தனை கோர் இருந்தாலும் ஒரே நேரத்தில் 16 இழைகளுக்கு மேல் ஓடாது என்ற கடிவாளமும் மென்பொருளுக்குள்ளேயே போடப்பட்டது. பெரிய வங்கிகள் இதைக் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள்.

பிடிக்கவில்லை என்றால் மாறிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். கல்லூரி லேபில் ஆரக்கிளின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பைப் போட்டுப் பழகியவர்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியாது. 2006-ல் வந்த முதல் எக்ஸ்பிரஸ் பதிப்பில் 4 ஜிபிக்கு மேல் தரவு வைக்க முடியாது, படிக்க அது போதும். படித்து முடித்து வேலைக்குப் போனதும் அதே பிஎல்/எஸ்க்யூஎல்லில் எழுதுவார்கள். பத்து வருடத்தில் ஒரு நிறுவனத்தின் வட்டி கணக்கு, அபராதக் கணக்கு, சம்பளக் கணக்கு எல்லாம் டேட்டாபேஸுக்குள்ளேயே அந்த மொழியில் ஆயிரக்கணக்கான வரிகளாக உட்கார்ந்திருக்கும். எழுதியவர் வேலையை விட்டுப் போயிருப்பார். வேறு டேட்டாபேஸுக்கு மாறுவதென்றால் அத்தனையையும் திரும்ப எழுதிச் சோதிக்க வேண்டும். 22 சதவீதக் கட்டணத்தை முனகிக்கொண்டே கட்டுவதற்கு இதுதான் காரணம்.

இந்தக் கஷ்டத்தையே தொழிலாக்கியது ஒரு சென்னை நிறுவனம். இன்று ஸோஹோ என்று அறியப்படுவது 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியது. அந்த நிறுவனம் 2000-களில் ஸ்விஸ்எஸ்க்யூஎல் என்று ஒரு கருவியை விற்றது. ஒரு கம்பெனியின் டேட்டாபேஸ் மொழியில் எழுதிய நிரல்களை இன்னொரு கம்பெனியின் மொழிக்கு மாற்றித் தருவது அதன் வேலை. ஸோஹோ என்றதும் யாருக்கும் இது நினைவுக்கு வருவதில்லை.

அதே நிறுவனத்தின் மேனேஜ்இன்ஜின் மென்பொருள்களில் இன்னொரு பாடம் இருக்கிறது. அவை உள்ளேயே ஒரு டேட்டாபேஸைச் சேர்த்துக்கொண்டு வாடிக்கையாளரிடம் போகும். வாடிக்கையாளருக்கு அது இருப்பதே தெரிய வேண்டியதில்லை. முதலில் அந்த இடத்தில் இருந்தது மைஎஸ்க்யூஎல். 2010-களின் தொடக்கத்தில் அது போய் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் வந்தது. ஏன் மாற்றினார்கள் என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் மைஎஸ்க்யூஎல்லைத் தன் பொருளோடு சேர்த்து விற்கும் எந்த நிறுவனமும் அந்த ஆண்டுகளில் கவலைப்படக் காரணம் இருந்தது.

1995-ல் ஸ்வீடனில் பிறந்த மைஎஸ்க்யூஎல், 2000-ல் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்துக்கு மாறியது. இணையதளம் நடத்துபவருக்கு அது இலவசம். மூடிய மென்பொருளோடு சேர்த்து விற்பவர் மட்டும் தனியாக வணிக உரிமம் வாங்க வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் நிலை. ஒரே மென்பொருளுக்கு இரண்டு உரிமம், இரண்டாவதில்தான் வருமானம். நன்றாகத்தான் ஓடியது. 2005 அக்டோபரில், மைஎஸ்க்யூஎல்லின் அடிப்படையான இன்னோடிபி என்ற பாகத்தைச் செய்த ஃபின்லாந்துக் கம்பெனியை ஆரக்கிள் சத்தமில்லாமல் வாங்கியது. 2008-ல் சன் நிறுவனம் மைஎஸ்க்யூஎல்லைச் சுமார் 100 கோடி டாலருக்கு வாங்கியது. 2009 ஏப்ரலில் சன்னையே 740 கோடி டாலருக்கு வாங்குவதாக ஆரக்கிள் அறிவித்தது. மைஎஸ்க்யூஎல்லை உருவாக்கிய மான்ட்டி விடேனியஸ், ஐரோப்பிய ஆணையம் இதைத் தடுக்க வேண்டும் என்று இணையத்தில் கையெழுத்து இயக்கமே நடத்தினார். 2010 ஜனவரியில் ஆணையம் சரி என்று சொல்லிவிட்டது. அந்த நவம்பரில் 599 டாலரிலிருந்து தொடங்கிய மைஎஸ்க்யூஎல் ஆதரவுத் திட்டங்கள் எடுக்கப்பட்டு, குறைந்த விலையே 2,000 டாலர் ஆனது. மான்ட்டி தன் இளைய மகள் மரியாவின் பெயரில் மரியாடிபி என்ற கிளையைத் தொடங்கிவிட்டார். மூத்த மகள் பெயர்தான் மை.

போஸ்ட்கிரெஸ் கதை வேறு. 1986-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆராய்ச்சி அது. 1994-ல் ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்ற இரண்டு மாணவர்கள் அதில் எஸ்க்யூஎல் மொழியைச் சேர்த்தார்கள். 1996-ல் இன்றைய பெயர் வந்தது. அதன் உரிமம் மிக எளியது, எடுத்துக்கொள், மாற்று, விற்றுக்கொள் என்பதுதான் சாரம். அதைவிட முக்கியம், அதற்கு முதலாளி கிடையாது. பல நிறுவனங்களில் சம்பளம் வாங்கும் பொறியாளர்கள் சேர்ந்து வளர்க்கிறார்கள். வாங்குவதற்கு ஒரு கம்பெனி இருந்தால்தானே யாராவது அதை வாங்கி விலையை மாற்ற முடியும்.

அரசுத் தரப்பிலும் அசைவு இருந்தது. காரைக்காலுக்குப் பக்கத்துத் திருவாரூரில் ஆட்சியராக இருந்தபோது தாலுகா அலுவலகங்களைக் கணினிமயமாக்கிய சி. உமாசங்கர், பின்னர் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநரானபோது அரசுக் கணினிகளை லினக்ஸுக்குக் கொண்டுபோனார். அது பெரும்பாலும் மேசைக் கணினிகளைப் பற்றியது, டேட்டாபேஸ் சண்டை அதில் முன்னுக்கு வரவில்லை. 2015 மார்ச்சில் மத்திய அரசு திறமூல மென்பொருள் கொள்கையை வெளியிட்டது. டெண்டரில் திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தர வேண்டும், வேண்டாம் என்றால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதுவதில் நம் அலுவலகங்களுக்குப் பயிற்சி அதிகம் என்பதால் எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் ஆதார் போன்ற பெரிய அமைப்பில் மைஎஸ்க்யூஎல், எச்பேஸ் போன்ற திறமூல மென்பொருள்கள் பயன்பட்டன. தனியார் துறையில், பங்குத் தரகு நிறுவனமான ஸெரோதா போஸ்ட்கிரெஸ் மீது தன் கணக்குகளை ஓட்டுவதைப் பற்றி வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. 2024 அக்டோபரில் திறமூலத் திட்டங்களுக்கு வருடம் 10 லட்சம் டாலர் தருவதாகவும் அறிவித்தது. 1926-ல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியின் இந்தியக் கிளையோடு இணைக்கப்பட்டது. அந்த சிங்கப்பூர் வங்கி, தன் முக்கியமான பல வேலைகளை ஆரக்கிளிலிருந்து மரியாடிபிக்கு மாற்றியதற்காக இத்துறையில் அடிக்கடி பேசப்படுவது.

இலவசம் என்று நம்பிய இடத்திலும் மரக்கால் மாறுவதுண்டு. அமேசான் போன்ற மேகக்கணி நிறுவனங்கள் திறமூல டேட்டாபேஸ்களை எடுத்து வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்க, எழுதியவர்களுக்கு எரிச்சல் வந்தது. 2018 அக்டோபரில் மோங்கோடிபி உரிமத்தை மாற்றியது. சேவையாக விற்பவர், சேவை நடத்தத் தேவையான எல்லா மென்பொருளின் மூலத்தையும் வெளியிட வேண்டும் என்று நிபந்தனை. அமேசான் அசரவில்லை, 2019 ஜனவரியில் மோங்கோடிபி போலவே பேசும் தன் சொந்தப் பொருளைக் கொண்டுவந்தது. 2024 மார்ச்சில் ரெடிஸ் நிறுவனமும் உரிமத்தை இறுக்கியது. அந்த மாதம் முடிவதற்குள் பழைய உரிமத்திலிருந்த பிரதியை எடுத்துக்கொண்டு லினக்ஸ் ஃபவுண்டேஷன் நிழலில் வால்கீ என்ற கிளை தொடங்கிவிட்டது. அமேசானும் கூகுளும் அதற்குப் பின்னால் நின்றன. 2025 மே மாதம் ரெடிஸ் மறுபடியும் ஒரு திறமூல உரிமத்தைச் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தது. வால்கீக்குப் போனவர்கள் எல்லோரும் கூடவே திரும்பி வரவில்லை.

ஆரக்கிள் இதற்கிடையில் ஆட்களிடமே திரும்பியிருக்கிறது. 2023 ஜனவரியில் தன் ஜாவா மென்பொருளுக்குப் புதிய விலை அறிவித்தது, ஊழியர் ஒருவருக்கு மாதம் 15 டாலர் வரை. ஜாவாவைப் பயன்படுத்துகிற ஊழியர் மட்டும் கணக்கில்லை. வாட்ச்மேன், பகுதிநேர ஊழியர், ஒப்பந்தக்காரர் அனுப்பிவைத்த ஆள் வரை எல்லாத் தலையும் சேர்த்தி.